அந்தக் காலத்துப் பேண்ட்

தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. மேடையில் நின்று வாசிப்பதும் பேண்ட், இடுப்பில் ஏற்றி பெல்ட் போடுவதும் பேண்ட். ஒரே ஒரு 'ப'வை வைத்துக்கொண்டு ஒப்பேற்றும் மொழியில் ராக் இசையைப் பற்றிப் பேசுவது கஷ்டம். எங்கள் ஊர் வாயிலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். "அந்தக் காலத்துப் பேண்ட் மாதிரி இப்ப வருமா?" என்று நான் வீட்டில் ஆரம்பித்தால், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என் மனைவி நிமிராமலே, "வந்தாலும் உங்களுக்கு இடுப்புல ஏறாது" என்பாள்.

நான் சொல்வது மேடைப் பேண்டை. இந்த விஷயத்தில் நாற்பது வருஷமாக ஒரு கட்சி நடத்திவருகிறேன். கொள்கை ஒரு வரி: நல்ல ராக் பேண்டுகள் எல்லாம் 1980க்கு முன்பே வந்து போய்விட்டன, அப்புறம் வந்ததெல்லாம் கூப்பாடு. தலைவர், பொருளாளர், கொடி பிடிக்கும் தொண்டர் எல்லாம் நானே. எதிர்க்கட்சி, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள். தீபாவளி, பொங்கலுக்கு பாளையங்கோட்டை வரும்போது மட்டும் சபை கூடும்.

எதிர்க்கட்சி கேட்பது ஒரே கேள்விதான். "அப்பா, நீங்க மொத்தம் எத்தனை ராக் ஆல்பம் முழுசாக் கேட்டிருக்கீங்க?"

இதற்கு நேரடியாகப் பதில் சொன்னால் ஆட்சி கவிழ்ந்துவிடும். என் ராக் இசைப் படிப்பு மொத்தமும் ஒரே ஒரு டி.டி.கே. கேசட். அறுபது நிமிஷம், பக்கத்துக்கு முப்பது.

1986. ஹாஸ்டலில் என் அறைக்காரனுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். தூத்துக்குடியில் இறங்கியபோது ஐந்தாறு ஒரிஜினல் கேசட்டுகளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் கேட்பார். அதற்குள் பிரதி எடுத்தாக வேண்டும். ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாளில் கிடைக்கும். நாலு நாள் என்றால் பத்து நாள். கடைக்கார அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் துபாயிலிருந்து வந்த டபுள் டெக், அதற்கு மேலே முருகன் படம். என் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது பூரா பாட்டா தம்பி, இல்ல நடுவுல பேச்சும் வருமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் பாட்டுப் பிடிக்காது. டேப் வீணாவது அதைவிடப் பிடிக்காது. பி பக்கக் கடைசியில், 'ஹோட்டல் கலிஃபோர்னியா' முடிந்த பிறகு மூன்று நிமிஷம் மிஞ்சியிருக்கிறது. இன்னொருவராக இருந்தால் காலியாக விட்டிருப்பார். அண்ணாச்சி டி.எம்.எஸ்.ஸின் முருகன் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பியிருந்தார். அதற்குக் கூலியும் வாங்கவில்லை. இன்றைக்கும் எங்கேயாவது அந்த இரட்டை கிடார் தேய்ந்து மறையும்போது, என் கை தன்னால் கும்பிடத் தயாராகிவிடும். கேசட் அட்டையில் நீல மையில் எழுதியிருந்தது: "இங்கிலீஷ் சத்தம்."

அந்தக் கேசட்டின் மூலஸ்தானம் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு. டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்', 1970. ஆர்கன் பூனை நடையில் ஆரம்பிக்கும். இயன் கில்லன் தாலாட்டுப்போல நாலு வரி பாடுவார். பிறகு வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஆகாரத்தில் ஒவ்வொரு படியாக மேலே ஏறுவார். ஏறி, ஏறி, இனி மாடி இல்லை என்ற இடத்தில் அலறுவார். அங்கிருந்து ரிச்சி பிளாக்மோர் கிடாரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். இரண்டு நிமிஷத்துக்கும் மேல் ஓட்டம், போகப் போக வேகம், மூச்சு முட்டும். திடீரென்று எல்லாரும் ஒன்றாக நிறுத்துவார்கள். அந்த நிசப்தத்தில் 'டக்' என்று ஒரே ஒரு அடி. பாட்டு முடிந்தது.

அந்த 'டக்' டிரம்மர் இயன் பெய்ஸின் கைங்கரியம் என்பது என் முடிவு. இதைப் பற்றி நான் ஊரெல்லாம் பிரசங்கம் செய்திருக்கிறேன். "முடிக்கத் தெரியணும்யா. இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும் எழுந்து போயிட்டான் பாருங்க. இப்ப உள்ள பயலுகளுக்கு அது தெரியுமா?" பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்ட பாவத்துக்காக, என் வருங்கால மாமனாரிடமும் இதை அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பஜ்ஜியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது.

கட்சி நடத்த ஒரு கேசட் போதாது என்று பிற்காலத்தில் கொஞ்சம் படித்தும் வைத்துக்கொண்டேன். எங்கள் பீரங்கி பீட்டில்ஸ். 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் அபே ரோட்டில் ஒரே நாளில் பத்துப் பாட்டுப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி அதுதான். லெனனுக்கு ஜலதோஷம். தொண்டைக்கு மிட்டாய் போட்டுக்கொண்டே நாள் முழுக்கப் பாடி, தொண்டையையே கிழிக்கக்கூடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டை ராத்திரி கடைசியாகப் பாடினார். அந்தக் கரகரப்புத்தான் இன்றுவரை அந்தப் பாட்டின் அழகு. இப்போது ஜலதோஷம் பிடித்தால் ரெக்கார்டிங்கைத் தள்ளிவைப்பார்கள், பிடிக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் குரலுக்கு இஸ்திரி போட்டுவிடும். இந்தப் பிரசங்கத்தின் முடிவில் நான் வழக்கமாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்.

போன தீபாவளிக்கு நான் தண்ணீர் குடிக்கும் வரை மகள் காத்திருந்தாள். "அதுக்கு முந்துன வருஷம் புத்தாண்டு அன்னைக்கு இதே பீட்டில்ஸை டெக்கா கம்பெனி பாடச் சொல்லிக் கேட்டுட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க, தெரியும்லா? கிடார் கோஷ்டிக்கெல்லாம் காலம் முடிஞ்சுபோச்சுன்னு காரணம் சொன்னாங்களாம். பீட்டில்ஸ் மேனேஜரே எழுதிவச்சிருக்காரு. உங்க கட்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே கொள்கையை எழுதிட்டாங்கப்பா."

நான் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டேன்.

அன்று மத்தியானம் அவள் ஒரு பரீட்சை வைத்தாள். தாம்பூலப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர். பேர் சொல்லாமல் இரண்டு பாட்டுப் போடுவாளாம்; எது அந்தக் காலம், எது இந்தக் காலம் என்று நான் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. நெல்லைக்காரனிடம் அல்வாவைக் கொடுத்து எந்த ஊர் என்று கேட்பதா?

முதல் பாட்டு. கிடார் ஒரு சுழற்று சுழற்றியதும் ஒரு குரல் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்குப் புல்லரித்தது. "லெட் ஜெப்லின். பாடுறது ராபர்ட் பிளான்ட். 1970, 71. எங்க கேசட்டுல இல்லாத பாட்டு. ஆனா குரலு பொய் சொல்லாது. இதான்டி பாட்டு!"

இரண்டாவது. தம்புரா மாதிரி ஒரு ரீங்காரம், கடல் பறவை கத்துவதுபோல் ஏதோ, மிக்சியில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு குரல், சுருதி இம்மியும் மாறாமல் ஒரே இடத்தில் செக்குமாடு சுற்றுகிறது. நான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். "இது போன வருஷத்து உருப்படி. கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டித் தட்டிச் செஞ்சது. பாட்டா இது?"

முதல் பாட்டு 2017. பாடியது கிரேட்டா வான் ஃப்ளீட். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், கோழி வறுவல் சாப்பாட்டுக்கும் பெரிய கிறிஸ்துமஸ் சாமான் கடைக்கும் பேர்போன ஃபிராங்கன்மூத் என்ற சிற்றூர்க்காரர்கள். மூன்று பேர் அண்ணன் தம்பிகள், டிரம்ஸ் வாசிப்பவர் நண்பர். 1970இல் அவர்களில் யாரும் பிறந்திருக்கவில்லை.

இரண்டாவது பாட்டு 1966. பாடியது பீட்டில்ஸ். 'டுமாரோ நெவர் நோஸ்'.

வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் கேட்டது.

பட்டன் தட்டிச் செய்தது என்றேன் அல்லவா? மகள் விவரம் சொன்னாள். துண்டு துண்டாக வெட்டிய டேப்பை வளையமாக ஒட்டி, பல மெஷின்களில் ஒரே நேரத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். வளையம் தொய்ந்துவிடாமல் இருக்க ஸ்டுடியோ ஆட்கள் பென்சிலை நுழைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். பென்சில் என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கேசட்டின் பல்லில் பென்சிலைச் சொருகிச் சுற்றாத கை எங்கள் தலைமுறையில் உண்டா? நானும் பீட்டில்ஸும் ஒரே தொழிலாளர் வர்க்கம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

உடனே வேறு பக்கம் திரும்பினேன். "அந்த மிச்சிகன் பயலுக நல்லாத்தான் பாடுதாங்க. ஆனா அது ஜெப்லினைப் பாத்து எழுதின காப்பி." இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உலகமே சொன்னதுதான். அவர்களுடைய முதல் முழு ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசைப் பத்திரிகை பத்துக்கு 1.6 மார்க் போட்டது. எங்கள் கணக்கு வாத்தியார்கூட அவ்வளவு கருமி இல்லை. சில மாதம் கழித்து, 2019இல், இந்த ஆல்பத்துக்கு முந்தைய வெளியீட்டுக்குச் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. ராபர்ட் பிளான்டே இவர்கள் ஜெப்லின் மாதிரி என்று சிரித்துக்கொண்டே சொன்னதோடு, அந்தப் பாடகரை வெறுப்பதாகவும் சொல்லிப் பாராட்டினார்.

"ஜெப்லின் யாரைப் பாத்து எழுதினாங்க?" என்றாள் மகள்.

இங்கேதான் கட்சி ஆவணங்களில் நான் மறைத்துவைத்திருந்த பக்கம். 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக, சிகாகோ புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் ஜெப்லின் மீது வழக்குப் போட்டார். 1987இல் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவர் பேரும் பாட்டில் சேர்ந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பேரையே புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து எடுத்தவர்கள். நான் சாமி கும்பிடும் 'சைல்ட் இன் டைம்' இருக்கிறதே, அந்தப் பூனை நடை ஆர்கன் மெட்டு, சான் பிரான்சிஸ்கோவின் 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற பேண்ட் 1969இல் வெளியிட்ட மெட்டிலிருந்து வந்தது. அந்த மெட்டுக்குப் பேர் என்ன தெரியுமா? 'பாம்பே காலிங்'. பதிலுக்கு அவர்களும் டீப் பர்ப்பிளின் மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி கடன் வாங்கி சர்க்கரையாகத் திருப்பிக் கொடுப்பதுபோல. தமிழ் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்த நான் இதில் யாரையும் குறை சொல்லும் நிலையில் இல்லை என்பதையும் குறிப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

சபையை ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டதும் புதுத் தோட்டா ஒன்று கிடைத்தது. பேப்பரில் படித்ததுதான்: 2025இல் வெல்வெட் சன்டவுன் என்று ஒரு பேண்ட் கிளம்பியது; சில வாரங்களிலேயே அதை ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால் அப்படி ஆட்களே இல்லை. பாட்டு, படம் எல்லாம் செயற்கை நுண்ணறிவு. "பாத்தியா உங்க காலத்தை? இல்லாத பேண்டுக்கு ரசிகன்!"

மகள் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு கேட்டாள். "1969ல பெரிய பேண்டெல்லாம் யாரு சொல்லுங்க."

ஆனந்தமாகச் சொன்னேன். அந்த வருஷத்தில் ஜெப்லினின் முதல் இரண்டு ஆல்பமும் வந்தன, பீட்டில்ஸின் 'அபே ரோட்' வந்தது, வுட்ஸ்டாக் நடந்தது. ராக் இசைக்கு அது பொற்காலமடி.

"அந்த வருஷம் அமெரிக்காவுல பில்போர்ட் பட்டியல்ல முதல் இடம் 'சுகர் சுகர்'. இங்கிலாந்துலயும் எட்டு வாரம் நம்பர் ஒன். பாடினது ஆர்ச்சீஸ். அதுல யாரு கிடார் வாசிச்சது?"

யோசித்தேன்.

"ஆர்ச்சி, அப்பா. படக்கதை ஆர்ச்சி. கார்ட்டூன்."

ஆர்ச்சியும் ரெஜியும் ஜக்ஹெட்டும் சேர்ந்த பேண்ட். ஸ்டுடியோ ஆட்கள் பாடிக் கொடுக்க, டி.வி.யில் பொம்மைகள் வாயசைத்தன. பொற்காலத்தின் நட்ட நடுவில், இல்லாத பேண்டுக்கு ரசிகன். இந்தச் செய்தி மட்டும் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கப்பல்கார அண்ணன் ஆர்ச்சீஸ் கேசட்டைக் கொண்டுவந்திருந்தால் என் கட்சியே வேறு மாதிரி ஆகியிருக்குமே! அவர் கொண்டுவந்தது, பதினைந்து வருஷம் கடலில் ஆடி, நல்லது மட்டும் மிதந்து கரைசேர்ந்தது. ஆற்றில் அடித்துக்கொண்டுபோன குப்பையை நான் பார்க்கவே இல்லை. என் மகளுக்கோ தினமும் காலையில் மொத்த ஆறும் கைப்பேசியில் வந்து விழுகிறது.

இருந்தாலும் பொறுமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டைக் கேட்டதாகக் கணக்கு. அதனால் முப்பது விநாடிக்குள் மடியைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்று பாட்டுக்காரர்கள் துடிக்கிறார்கள். பிங்க் ஃபிளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'டில், 1975, வாயைத் திறந்து பாட ஆரம்பிக்கவே எட்டரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். நாங்கள் அதை எட்டரை நிமிஷம் தியானம்போலக் கேட்டவர்கள் என்றேன்.

"ஃபார்வர்ட் பட்டன் உடைஞ்சிருந்ததுன்னு அம்மா சொன்னாங்களே."

அது உண்மை. என் டேப்ரிக்கார்டரில் ஃபார்வர்ட் பட்டனை அமுக்கினால் டேப் நூடுல்ஸாக வெளியே வந்துவிடும். பிளேயை அமுக்கினால் பக்கம் முடியும்வரை கேட்டே தீர வேண்டும். வேறு வழியே கிடையாது. பிடிக்காத பாட்டும் பத்துத் தடவை காதில் விழுந்து, பதினோராவது தடவை பிடித்துத் தொலையும். 'ஸ்டெயர்வே டு ஹெவன்' எனக்கு அப்படிப் பிடித்ததுதான். முதல் ஒரு மாசம் அது ஒரே இழுவை.

ஜனவரியில் சென்னைக்குப் போயிருந்தபோது, "பேசுனது போதும், வந்து பாருங்க" என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு ஹோட்டலின் மாடி. நாற்காலி இல்லை. நின்றுகொண்டே கேட்க வேண்டுமாம். இரண்டு மணி நேரம் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே இடம் கோயில் கொடை. அங்கேகூட வில்லுப்பாட்டு ஆரம்பித்தால் பெட்ஷீட்டை விரித்துப் படுத்துவிடலாம். மகளிடம் சொன்னேன், அவள் யாரிடமோ சொன்னாள், அவர்கள் சமையல்கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் போட்டார்கள். நாற்பது ஜோடிக் கால்களுக்கு இடையே உட்கார்ந்து நான் பார்த்த முதல் ராக் கச்சேரி அது.

நாலு பேர். டிரம்ஸில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். விரலெல்லாம் வெள்ளை பிளாஸ்திரி, காலில் செருப்பு இல்லை. பேஸ் கிடார்க்காரப் பையன் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து குனிந்து எதையோ பார்த்துவிட்டு வந்தான். எழுந்து எட்டிப்பார்த்தேன். திறந்துவைத்த லேப்டாப். ஆபீசில் அவனுக்கு அன்று ஆன்-கால். அமெரிக்காவில் சர்வர் எதுவும் படுத்துவிட்டால் உடனே எழுப்ப வேண்டும். ஐந்தாவது பாட்டின் நடுவில் நிஜமாகவே ஏதோ படுத்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், தனியாக டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தாள். நாலு நிமிஷம். பையன் மண்டியிட்டு ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான். பேஸ் கிடார் இன்னும் தோளில் தொங்குகிறது. கூட்டத்துக்கு எதுவும் தெரியாது, விசில் பறக்கிறது. அவன் எழுந்து கட்டைவிரலைக் காட்டியதும் அவள் ஒரு உருட்டு உருட்டிப் பாட்டைத் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கினாள். தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்கு வந்து சேர்வதுபோல அத்தனை சுத்தம்.

சத்தம் எப்படி என்று கேட்காதீர்கள். டீப் பர்ப்பிள் 1972இல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் 117 டெசிபல் வாசித்து, கேட்டவர்களில் மூன்று பேர் மயங்கி விழுந்ததாக கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். நான் மயங்கவில்லை. குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே பரீட்சைக்குப் படித்த ஊர்க்காரனை அவ்வளவு லேசில் மயக்க முடியாது.

கச்சேரி முடிந்ததும் நாலு பேரும் தாங்களே வயரைச் சுருட்டி, தாங்களே டிரம்ஸைக் கழற்றி, மாடிப்படி வழியாக இறக்கினார்கள். எவ்வளவு கிடைக்கும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சாப்பாடு போட்டாங்க அங்கிள். டாக்ஸிக்குப் போக மிச்சத்தைப் பிரிச்சுப்போம்" என்றாள். ஒரு ஸ்டாண்டை நான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மூச்சு வாங்கியது. என் கட்சி நிலைப்பாடு பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் இறுதி ஆயுதம் ஒன்று மிச்சம் இருந்தது. பொங்கலுக்கு வந்தவளிடம் சொன்னேன். "எல்லாம் சரி. உன் ஸ்பீக்கர்ல 'சைல்ட் இன் டைம்' போடு. முடிப்பைக் கேளு. அந்த மாதிரி முடிக்க ஒருத்தனைக் காட்டிட்டா நான் கட்சியைக் கலைச்சிடுதேன்."

போட்டாள். மனைவியும் கரும்பும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். ஆர்கன் வந்தது. கில்லன் ஏறினார். பிளாக்மோர் ஓடினார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஹாஸ்டல் அறை, பக்கெட், கொடியில் தொங்கும் லுங்கி எல்லாம் வந்தன. ஓட்டம் உச்சிக்குப் போய், எல்லாரும் ஒன்றாக நிறுத்தினார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பாத்தியா! இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சு..."

'டக்' வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கும்போதே, என் முதுகுக்குப் பின்னால் பூனை நடையில் ஆர்கன் மறுபடி ஆரம்பித்தது.

கில்லன் மறுபடி வந்தார். அதே தாலாட்டு. அதே ஆகாரம். அதே மாடிப்படி. பாட்டு பத்து நிமிஷத்தையும் தாண்டி ஓடியது. சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுந்துபோனவர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்று இன்னும் நாலு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே கேட்டேன். உட்கார்ந்தால் தோற்றதாகிவிடுமோ என்று பயம்.

மனைவி கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டுக் கேட்டாள். "இதுக்கா எங்கப்பாவை பஜ்ஜியைத் திங்கவிடாம அரைமணி நேரம் பிடிச்சு வச்சீங்க?"

ராத்திரி காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஐந்தே முக்கால் நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. 'ஹைவே ஸ்டார்' ஆறு. 'ஸ்டெயர்வே' எட்டு. ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' மூன்றே முக்கால். ஆக இருபத்து மூன்றரை. நடுநடுவே அண்ணாச்சி விட்ட இடைவெளியையும் சேர்த்தால், முப்பது நிமிஷப் பக்கத்தில் மிச்சம் ஆறு நிமிஷமும் சொச்சமும். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்திய அதே இடத்தில் டேப் தீர்ந்திருக்கிறது. அந்த 'டக்', பக்கம் முடிந்ததும் என் டேப்ரிக்கார்டரின் பிளே பட்டன் மேலே எழும்பிய சத்தம். இயன் பெய்ஸுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

தூக்கம் வராமல் இந்த டீப் பர்ப்பிள் இப்போது என்ன செய்கிறது என்று தேடினேன். இருக்கிறார்கள். 2024இல்கூட ஆல்பம் போட்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து இன்றுவரை விலகாமல் இருப்பவர் பெய்ஸ் மட்டும். பிளாக்மோர் 1993இலேயே விலகி, மத்தியகால ஐரோப்பியப் பாட்டு வாசிக்கப் போய்விட்டார். ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் 2012இல் காலமானார். கில்லனுக்கு வயது எண்பது. அந்த மாடிப்படியெல்லாம் இனி ஏற முடியாது என்று, 'சைல்ட் இன் டைம்' பாட்டை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேடையில் பாடுவதை விட்டுவிட்டார். ஒரு ஸ்டாண்டோடு ஒரு மாடி இறங்கியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. அவரைச் சொல்ல நான் யார்?

அந்தப் பாட்டை இப்போது ஏழெட்டுத் தடவை முழுசாகக் கேட்டுவிட்டேன். விமர்சகன் என்ற முறையில் என் தீர்ப்பையும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதல் ஆறு நிமிஷத்தில் குறையே இல்லை. கடைசி நாலு நிமிஷம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள், தேவையில்லாத இழுவை. அண்ணாச்சி வெட்டிய இடம்தான் சரியான இடம்.

மீதி இருந்த டேப்புக்கு அவர் முருகன் பாட்டைத் தேர்ந்தெடுத்ததிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.